வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் கறுப்புக் கோட்டு

அறுவை சிகிச்சை அறையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் இரண்டு ஓவியங்களைத்தான் காட்டுவேன். இரண்டையும் வரைந்தவர் தாமஸ் ஈக்கின்ஸ் என்ற அமெரிக்க ஓவியர். இரண்டிலும் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் அறுவை சிகிச்சை நடக்கிறது, சுற்றிலும் மாணவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒன்று 1875-இல் வரைந்தது, மற்றது 1889-இல்.

முதல் படத்தில் சாமுவேல் கிராஸ் நிற்கிறார். அந்தக் காலத்தில் பெரிய பெயர் பெற்ற சர்ஜன். தெருவில் போட்டு நடந்த கறுப்புக் கோட்டையே போட்டுக்கொண்டு, கையில் கத்தியோடு, விரலெல்லாம் ரத்தமாக, வேலையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பி நிற்கிறார். மேசையில் கிடப்பவனுக்குத் தொடை எலும்பில் சீழ் பிடித்து ஒரு பகுதி செத்துப்போய்விட்டது, அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முகத்தின் மேல் குளோரோஃபார்ம் நனைத்த துணி. காலுறையைக்கூடக் கழற்றவில்லை. ஓரமாக ஒரு பெண், தாயார் என்று சொல்வார்கள், பார்க்க முடியாமல் கையை முகத்துக்குக் குறுக்கே மடக்கிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது படத்தில் ஹேயஸ் ஆக்னியூ என்ற சர்ஜன் ஒரு பெண்ணுக்கு மார்பக அறுவை சிகிச்சை செய்கிறார். படமே வெளிச்சமாக இருக்கிறது. சர்ஜனும் உதவியாளர்களும் வெள்ளை உடையில். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் மாணவர்கள் உடனே கோட்டைச் சொல்வார்கள். சரிதான், ஆனால் கோட்டின் நிறம் ஏன் மாறியது என்பதுதான் கதை. ஜோசப் லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் சர்ஜன், கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியைக் கொண்டு புண்ணில் சீழ் பிடிக்காமல் தடுக்கலாம் என்று எழுதியது 1867-இல். கிராஸ் ஓவியம் அதற்கு 8 வருடம் கழித்து வருகிறது. அதாவது கிராஸுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, நம்பவில்லை. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டுக்கு அவர்தான் தலைவர், அங்கே லிஸ்டரே வந்து மணிக்கணக்கில் பேசினார், அதே வருடம் கிராஸ் இந்தக் கார்பாலிக் சமாச்சாரத்தில் அனுபவமுள்ள அமெரிக்க சர்ஜன் யாருக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது என்று எழுதினார். திறமைசாலி, நேர்மையானவர், ஆயிரக்கணக்கில் மாணவர்களை உருவாக்கியவர். ஆனாலும் எழுதினார்.

அப்புறம் நான் கேட்பது, என்ன மாறவில்லை என்று. இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 1889 படத்திலும் எல்லோரும் வெறுங்கையோடுதான் இருக்கிறார்கள், முகக்கவசமும் இல்லை. ரப்பர் கையுறை அறுவை அறைக்குள் வந்ததே ஏறக்குறைய அந்த நேரத்தில்தான், அதுவும் நோயாளிக்காக வரவில்லை. பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜனிடம் வேலை பார்த்த கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்குக் கிருமிநாசினிக் கரைசலில் கை வெந்து புண்ணாகிப் போனது. அவர் கையைக் காப்பாற்ற ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி மெல்லிய கையுறை செய்து வாங்கினார். 1890-இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கையுறை போட்டால் நோயாளிக்குச் சீழ் பிடிப்பது குறைகிறது என்பதைப் பிற்பாடுதான் கண்டுகொண்டார்கள்.

இதையெல்லாம் மாணவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. புறநோயாளிப் பிரிவில் வந்து உட்காருபவர்களில் பலர் இப்போது வாயைத் திறக்கும் முன் போனைத் திறக்கிறார்கள். 'டாக்டர், இதில் போட்டிருக்கிறதே' என்று ஒரு படத்தை நீட்டுகிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஏதோ பொடியைக் கையில் வைத்திருக்கிறார், அல்லது 'முன்பு, பின்பு' என்று இரண்டு கால்கள், அல்லது யாரோ ஒருவருடைய குடல். எழுத்தில் இருந்தால் பாதிப் பேர் சந்தேகப்படுவார்கள், படமாக வந்தால் அப்படியே நம்பிவிடுகிறார்கள். மருத்துவம் நெடுங்காலமாகப் படம் போட்டுத்தான் தன்னைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தப் படங்களில் அறிவு இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, அப்பட்டமான புளுகும் இருக்கிறது. பழைய படங்களைப் பார்த்துப் பழகினால் புதிய படங்களிடம் ஏமாறுவது குறையும் என்பது என் அனுபவம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மருத்துவப் படமானாலும் யார் கை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். 1490-களில் வெனிஸில் அச்சான ஒரு மருத்துவ நூலில் பிணத்தை அறுத்துக் காட்டும் வகுப்பின் படம் இருக்கிறது. பேராசிரியர் உயரமான இருக்கையில் இருக்கிறார், பிணத்தின் பக்கம் அவர் கை வருவதே இல்லை. அறுப்பது கீழே நிற்கும் ஆள். பாடமெல்லாம் கேலன் என்ற 2-ஆம் நூற்றாண்டு மருத்துவர் சொன்னதை ஒட்டியது, அந்தக் கேலனோ குரங்கையும் மற்ற விலங்குகளையும் அறுத்துப் பார்த்து அதையே மனிதனுக்கும் பொருத்திச் சொன்னவர். கண் முன்னால் மனிதக் கல்லீரல் கிடக்கும், சொல்லப்படுவது விலங்கின் கல்லீரலைப் பற்றி, யாருக்கும் உறுத்தாது. 1543-இல் வெசாலியஸ் என்ற உடற்கூறியல் அறிஞர் தன் நூலை வெளியிட்டபோது முகப்புப் படத்தில் இதைத்தான் உடைத்தார். கூட்டத்துக்கு நடுவே அவரே பிணத்தின் பக்கத்தில் நிற்கிறார், அவர் கையே வயிற்றுக்குள் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 28. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு அல்ல, ஒன்றுதான் என்பது போன்ற விஷயங்கள் திருத்தப்பட்டது, புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே கை விட்டதால்தான்.

ஆனால் அறுக்கப்பட்டவர் யார் என்று அந்தப் படங்கள் அநேகமாகச் சொல்வதில்லை. ரெம்ப்ராண்ட் 1632-இல் வரைந்த 'டாக்டர் டுல்ப்பின் உடற்கூறியல் பாடம்' படத்தில் கிடப்பவர் ஆரிஸ் கிண்ட், திருட்டுக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர். பெயர் தெரிவதே அபூர்வம். வியன்னாவில் 1937 முதல் வெளிவந்த பெர்ன்கோப் அட்லஸ் என்ற உடற்கூறியல் படநூல் இன்னும் மோசமான கதை. நரம்புகளை அவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு நூல் குறைவு என்று இன்றும் சில சர்ஜன்கள் சொல்வார்கள். 1990-களின் கடைசியில் வியன்னா பல்கலைக்கழகம் விசாரித்தபோது, நாஜி ஆட்சியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 1,300-க்கும் மேற்பட்டவர்களின் உடல்கள் அட்லஸ் உருவான உடற்கூறியல் துறைக்கு வந்திருந்தது தெரியவந்தது. அட்லஸ் அச்சில் வருவது நின்றுபோனது.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு படம், 1794-இல் லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் வந்தது. கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரர், ஆங்கிலேயப் படையோடு போனவர், திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே பக்கத்தில் ஒரு வைத்தியர் மெழுகுத் தகட்டை மூக்கு வடிவில் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை அறுத்து, இரு கண்ணுக்கும் நடுவில் மட்டும் அறுக்காமல் ஒட்டியபடியே வைத்து, தோலைத் திருப்பி மூக்கின் மேல் தைத்தார். அந்த ஒட்டு வழியாகத்தான் ரத்தம் வரும், அது போனால் மொத்தத் தோலும் கறுத்துச் செத்துவிடும். இதழில் நோயாளியின் முகத்தோடு மெழுகுத் தகட்டின் வடிவத்தையும் போட்டிருந்தார்கள். லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் இதை ஒட்டி 1814-இல் அதே அறுவை சிகிச்சையைச் செய்தார், ஐரோப்பாவில் மூக்கு சீரமைப்பு மறுபடி சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். நோயாளியின் பெயர் நமக்குத் தெரியும், பார்த்தவர்களின் பெயரும் தெரியும். செய்த வைத்தியரின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. இது எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சலைத்தான் தருகிறது.

தடுப்பூசிப் படங்களுக்கு வருவோம். எட்வர்ட் ஜென்னர் 1798-இல் வெளியிட்ட சிறு நூலில் சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கை வண்ணப் படமாக வந்தது, பசு அம்மைக் கொப்புளங்களோடு. அந்தக் கையிலிருந்து எடுத்த நீரைத்தான், பெரியம்மை வராமல் தடுக்க, 1796-இல் ஒரு சிறுவனுக்குப் போட்டிருந்தார். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்த படம். 1802-இல் ஜேம்ஸ் கில்ரே ஒரு கேலிச்சித்திரம் போட்டார், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் கையிலிருந்தும் முகத்திலிருந்தும் வாயிலிருந்தும் குட்டிக் குட்டிப் பசுக்கள் முளைத்து வருகின்றன. இரண்டில் எது ஊரெல்லாம் ஞாபகத்தில் நின்றது என்று சொல்ல வேண்டுமா? சிரிக்கவும் பயமுறுத்தவும் தெரிந்த படம் எப்போதும் முந்திக்கொள்ளும். இன்று தடுப்பூசி பற்றிப் போனில் வரும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பசுக்கள்தான் ஞாபகம் வருகின்றன, தொழில்நுட்பம் மட்டும் மாறியிருக்கிறது.

பெரியம்மையை ஒழித்ததிலும் ஒரு படத்துக்குப் பங்கு உண்டு. 1970-களில் களப்பணியாளர்கள் வீடு வீடாக எடுத்துப்போன அட்டை அது. அம்மை வார்த்த ஒரு குழந்தையின் புகைப்படம், அவ்வளவுதான். 'இப்படி யாரையாவது பார்த்தீர்களா?' என்று காட்டிக் கேட்பார்கள். பெரியம்மையில் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் அடர்த்தியாக, எல்லாம் ஒரே வளர்ச்சி நிலையில் இருக்கும். சின்னம்மையில் உடம்பின் நடுப்பகுதியில் அதிகமாக, ஒன்று காய்ந்து ஒன்று புதிதாக என்று கலந்து இருக்கும். இதைப் பத்தி பத்தியாக எழுதி யாருக்குப் புரிய வைப்பது? படம் ஒரு நொடியில் சொல்லிவிடும். 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

படம் நோயையே உண்டாக்குமா? 1887-இல் பிரூயே என்ற ஓவியர் வரைந்த படத்தைப் பாருங்கள். பாரிஸ் சால்பெட்ரியே மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் ஹிஸ்டீரியா பற்றி வகுப்பு எடுக்கிறார், ஒரு பெண் நோயாளி மயங்கிச் சாய்கிறாள், கோட்டுப் போட்ட ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய சித்திரம் மாட்டியிருக்கிறது, வில்லாக வளைந்து கிடக்கும் ஹிஸ்டீரியா நோயாளி. கூட்டத்துக்கு அது தெரியாது, அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே இருக்கிறது. அடுத்து தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது அவள் கண் முன்னாலேயே தொங்குகிறது. ஓவியர் தெரிந்து வரைந்தாரோ இல்லையோ, இணையத்தில் நோய்ப் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வருபவர்களைப் பார்க்கும்போது இந்தச் சுவர்ச் சித்திரத்தை நினைத்துக்கொள்வேன்.

பறவை அலகு முகமூடி போட்ட பிளேக் வைத்தியர் படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 14-ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் வைத்தியர்கள் எல்லோரும் இப்படித்தான் திரிந்தார்கள் என்று எழுதி அனுப்புகிறார்கள். அந்த உடைக்குச் சான்று 17-ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது, பிரபலமான 1656 படம் கேலிக்காக வரைந்தது. சரி, இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் ஏற்படுத்திய படம் வேறு. 1946-இல் அமெரிக்காவில் கேமல் சிகரெட் விளம்பரங்கள் வந்தன. வெள்ளைக் கோட்டில் கனிவான முகத்தோடு ஒரு டாக்டர், மற்ற சிகரெட்டுகளைவிட அதிகமான டாக்டர்கள் கேமல்தான் பிடிக்கிறார்கள் என்ற வாசகம். மருத்துவ இதழ்களிலேயே இப்படிப்பட்ட விளம்பரங்கள் வந்தன. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டி டால், ஹில் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டது 1950-இல், அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வந்தது 1964-இல். கிராஸ் காலத்தில் இல்லாத வெள்ளைக் கோட்டு, சுத்தத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அடையாளமாகி, அந்த நம்பிக்கையை அப்படியே சிகரெட் விற்க எடுத்துக்கொண்டார்கள். ஆகவே கோட்டைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். 'முன்பு, பின்பு' படம் வந்தால் இரண்டிலும் வெளிச்சம் ஒன்றா, கோணம் ஒன்றா, எத்தனை நாள் இடைவெளி, நடுவில் வேறு சிகிச்சை நடந்ததா என்று பாருங்கள். முக்கால்வாசிப் படங்கள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

தோல் விஷயத்தில் இன்னொன்று. பாடநூல்களில் உள்ள தோல் நோய்ப் படங்களில் பெரும்பாலானவை நெடுங்காலமாக வெளிர் தோலில் எடுத்தவை. கருந்தோலில் தடிப்பு சிவப்பாகத் தெரியாமல் ஊதா கலந்தோ, சாம்பலாகவோ, வெறும் கறுப்பாகவோ தெரியலாம். இணையப் படத்தில் இருப்பதுபோல் சிவக்கவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தொட்டால் சூடாக இருக்கிறதா, வலிக்கிறதா, பரவுகிறதா என்பதையும் பாருங்கள்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளியின் புண்ணையோ எக்ஸ்ரேயையோ போனில் பிடித்துக் குழுவில் போடுகிறோம். அவரிடம் கேட்டோமா? முகம் மறைத்தால் போதாது, உடம்பில் பச்சை குத்திய அடையாளமும், எக்ஸ்ரே மூலையில் இருக்கும் பெயரும் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நீங்களே மருத்துவருக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் இப்படி எடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், ஃபில்டர் எதுவும் இல்லாமல். முதலில் கொஞ்சம் தள்ளி நின்று, உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி ஒன்று. அப்புறம் கிட்டே போய், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒன்று. முடிந்தால் மறுபக்கத்துக் கையையோ காலையோ சேர்த்து இன்னொன்று, இரண்டையும் ஒப்பிட்டால்தான் வீக்கம் தெரியும். தடிப்பு பரவுகிறது என்று தோன்றினால் ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, நேரத்தையும் பக்கத்தில் எழுதிப் படம் எடுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டாலோ, கூடவே காய்ச்சலோ கடும் வலியோ இருந்தாலோ படம் அனுப்பிக்கொண்டு உட்காராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.