எண்ணெய் கரை சேருமுன்

விடியற்காலையில் திருகோணமலையின் சல்லிக் கரைக்கு வள்ளங்கள் திரும்பி வரும்போது தண்ணீரில் ஒரு வானவில் ஓடும். எஞ்சினில் இருந்து சொட்டிய எண்ணெய்தான் அது. கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன நடக்கும் என்ற பாடத்தை நான் மாணவர்களுக்கு அந்த வானவில்லில் இருந்துதான் தொடங்குவேன். நிறத்தைப் பார்த்தே படலம் எவ்வளவு தடிப்பு என்று சொல்லிவிடலாம். வெள்ளி போல் மினுங்கினால் அது ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு. ஒரு லீற்றர் எண்ணெய் அப்படிப் பரவினால் ஓர் உதைபந்தாட்ட மைதானத்தையே மூடிவிடும். வானவில் நிறங்கள் தெரிந்தால் தடிப்பு அதைவிடப் பல மடங்கு. கறுப்பாகவோ கபிலமாகவோ திட்டுத்திட்டாக மிதந்தால்தான் உண்மையான ஆபத்து. விபத்துப் படங்களில் நம் கண்ணை இழுப்பது மினுங்கும் பரப்புத்தான். ஆனால் எண்ணெயில் பெரும்பகுதி அந்தச் சின்னக் கறுப்புத் திட்டுகளுக்குள் இருக்கும். மீட்புப் படகை எங்கே அனுப்புவது என்பதை அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

திருகோணமலைக்காரருக்கு எண்ணெய் புதிதில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில், அதாவது பெரிய சேமிப்புத் தாங்கிகளில், 99 இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் லீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு விமானம் குதமொன்றில் மோதி, அது நாட்கணக்கில் எரிந்தது. இன்றும் எண்ணெய்க் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம் இது. அதனால்தான் கடலில் கொட்டும் எண்ணெயைப் பற்றிய எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கு இந்த ஊர் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன்.

கடலில் விழுந்த எண்ணெய் விழுந்தபடியே இருப்பதில்லை, மணிக்கு மணி வேறொரு பொருளாக மாறுகிறது. முதலில் இலேசான பகுதிகள் ஆவியாகும். பெற்றோல் என்றால் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முழுதும் போய்விடும். இலேசான மசகு எண்ணெயில், அதாவது சுத்திகரிக்காத எண்ணெயில், மூன்றில் ஒரு பங்கு ஓரிரு நாளில் போகலாம். கப்பல்கள் எரிக்கும் கனமான உலை எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு போனாலே பெரிது. நம் கடலின் சூடு இதை விரைவுபடுத்தும். அப்புறம் அலை தன் வேலையைத் தொடங்கும். தயிர் கடைவதைப் போல அலை எண்ணெயைக் கடையக் கடைய, நுண்ணிய நீர்த்துளிகள் அதற்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். முக்கால் பங்குவரை தண்ணீர் ஏறிய தடித்த கபிலக் குழம்பு ஒன்று உண்டாகும். நூறு பீப்பாய் கொட்டியிருந்தால் இப்போது அள்ள வேண்டியது நானூறு பீப்பாய். பம்பியில் ஏறாது, தீப்பற்றாது, இரசாயனம் தெளித்தாலும் கரைந்து கொடுக்காது. மீட்பு வேலையில் இருப்பவர்கள் முதல் ஒன்றிரண்டு நாளுக்காக இவ்வளவு பதறுவது இதனால்தான். நேற்று சரியாக இருந்த கருவி இன்று பயன்படாமல் போகும்.

சரி, அது எந்தப் பக்கம் போகும்? கணக்கு எளிது. மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடு முழுதாகப் போகும். அதோடு காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு சேரும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வாடை அடித்தால், காற்று மட்டுமே ஒரு நாளில் எண்ணெயை 14 கிலோமீற்றர் தள்ளிவிடும். 2020 செப்ரெம்பர் 3 அன்று இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள சங்கமன்கண்டிக்குக் கிழக்கே 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது நினைவிருக்கும். 2,70,000 தொன் மசகு எண்ணெய் அதில் இருந்தது. மாலுமி ஒருவர் இறந்துபோனார். கப்பல் ஓடுவதற்கு வைத்திருந்த டீசல் கடலில் படர்ந்தாலும் மசகு எண்ணெய் கசியவில்லை. அது கச்சான் காலம், காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசும் காலம். இதுவே மார்கழியில் நடந்து, எண்ணெயும் கசிந்திருந்தால், வாடை அதை நேரே நம் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். அந்த நாட்களில் இந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

கணினி வரைந்த ஒரு படத்தை மூதூரில் வயதான மீனவர் ஒருவரிடம் காட்டினேன். கொட்டியாரக்குடாவுக்குள் எண்ணெய் சீராகப் பரவுவதாகப் படம் சொன்னது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை, மாரியில ஆத்துத் தண்ணி இறங்கினா கடல் ரெண்டு நிறமா நிக்கும். அந்தக் கோட்டிலதான் குப்பை, தடி, நுரை எல்லாம் வந்து சேரும். உங்கட எண்ணெயும் அங்கதான் வரும்" என்றார். அவர் சொன்னது சரி. மகாவலியின் நன்னீர் இலேசானது, உப்புநீர் கனமானது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேற்பரப்பு நீர் இரு பக்கமும் இருந்து நெருங்கிக் கீழே இறங்கும். மிதப்பது இறங்க முடியாமல் கோடாகத் திரளும். எங்கள் படத்தின் கட்டங்கள் பெரிதாக இருந்ததால் அந்தக் கோடு அதில் விழவே இல்லை. எண்ணெயை மறிக்கும் மிதவை வேலி போடத் தோதான இடமும் அதுதான்.

அந்த வேலிக்கும் ஒரு வரம்பு உண்டு. நீரோட்டம் நொடிக்கு 35 சென்ரிமீற்றரைத் தாண்டினால், அதாவது நாம் ஆறுதலாக நடக்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே, எண்ணெய் வேலிக்கு அடியால் நழுவிவிடும். அதனால் குறுக்கே கட்டாமல் சாய்வாகக் கட்டுவார்கள். சிதறடிக்கும் இரசாயனம் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைப் போன்றது, எண்ணெயைத் துளிகளாக்கி நீருக்குள் இறக்கும். ஆழக்கடலில் துளிகள் கலைந்து ஐதாகிவிடும். புறாத்தீவுப் பவளப் பாறைகளுக்கு மேல் அதைத் தெளித்தால் மேலே மிதந்துபோகும் நஞ்சை நாமே கீழே இறக்கியதாகிவிடும். 1967இல் இங்கிலாந்துக் கரையில் 'டொரி கன்யன்' எண்ணெய்க் கப்பல் உடைந்தபோது இப்படித்தான் நடந்தது. அதிகம் தெளித்த கரைகள் மீளப் பத்தாண்டுக்கு மேல் ஆனது, தெளிக்காதவை இரண்டு மூன்று ஆண்டில் மீண்டன.

எல்லாக் கரையும் ஒன்றில்லை. எண்ணெயால் எவ்வளவு பாதிக்கப்படும் என்பதை வைத்துக் கரைகளை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துவார்கள். கோணேசர் கோயிலின் கீழே செங்குத்தாக இறங்கும் பாறை 1. அலை மோதித் திரும்பும் வேகமே எண்ணெயைத் தள்ளிவைக்கும், ஒட்டியதையும் கழுவிவிடும். கிண்ணியாப் பக்கத்துக் கண்டல் காடு 10. கண்ணா மரம் சேற்றுக்கு மேல் நீட்டும் வேர்களால்தான் மூச்சு விடுகிறது. அந்த வேர்களில் உள்ள நுண்துளைகளை எண்ணெய் அடைத்தால் மரம் மெல்ல மெல்லச் சாகும். எண்ணெயைத் தின்னும் பற்றீரியாக்கள் கடலில் உண்டு, ஆனால் அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும். சேற்றில் சில மில்லிமீற்றருக்குக் கீழே அது கிடையாது. அங்கே புதைந்த எண்ணெய் பல பத்தாண்டுகள் கிடக்கும். துப்புரவு செய்யப் போகிறவர்கள் மிதித்தே அதை இன்னும் ஆழத்துக்கு அமுக்கிவிடுவதும் உண்டு. ஆகவே கண்டலைக் காக்க வேண்டுமென்றால் எண்ணெய் வாயிலுக்கு வருமுன் மறிக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய மிகப் பெரிய வேலை விபத்துக்கு முன்னரே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். விபத்து நடந்த பிறகு எல்லோரும் நீரை அள்ளுவார்கள். முந்தைய நாள் நீர் எப்படி இருந்தது என்று யாரிடமும் பதில் இருக்காது. நட்டஈட்டு வழக்கு அந்த இடத்தில்தான் தடுக்கி விழும். அதனால் நாங்கள் ஆண்டு முழுதும் சும்மா இருக்கும் கடலை அள்ளுகிறோம். கரைப்பானால் கழுவிய கபில நிறக் கண்ணாடிப் போத்தல்தான் வேண்டும், பிளாஸ்ரிக் கூடாது, அது எண்ணெயை உறிஞ்சும். மூடியின் கீழே அலுமினியத் தாள் வைத்து, இருட்டில், 4 பாகை குளிரில் வைக்க வேண்டும். 2022இல் நீண்ட மின்வெட்டு வந்தபோது ஒரு பருவத்து மாதிரிகள் முழுதும் கெட்டுப்போயின. ஒரு மாணவி அழுதே விட்டாள்.

அந்த மாதிரிகளில் நாங்கள் தேடுபவற்றுள் ஒன்று ஹோப்பேன் என்ற மூலக்கூறு வகை. பின்னாளில் எண்ணெயாக மாறிய பழைய சேற்றில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சம் அது. ஆவியாகாது, எளிதில் சிதையாது. அதன் விகிதங்கள் எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும், கைரேகையைப் போல. கரையில் ஒதுங்கிய தார் உருண்டை எந்தக் கப்பலுடையது என்பதை அதை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம்.

இந்த மாரியில் ஆறு பெருகியதும் மூதூர் ஐயாவின் வள்ளத்தில் போகிறோம். அவர் காட்டும் கோட்டின் இரு பக்கமும், கோட்டின் மேலும், போத்தல்களை நிரப்பப்போகிறோம்.