நூற்றுக்கு நூறு என்ற சாட்சியம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவருக்கு மரண தண்டனை விதிப்பதற்கு முன், அவர் இனியும் வன்முறையில் ஈடுபட்டுச் சமூகத்துக்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக இருக்கக்கூடுமா என்ற கேள்விக்கு ஜூரிகள் விடை சொல்லியாக வேண்டும். 1973இல் சட்டத்தில் இடம்பெற்ற இந்தக் கேள்விக்காக அரசுத் தரப்பு திரும்பத் திரும்ப அழைத்தவர் ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர். தாமஸ் பேர்ஃபுட் என்பவரின் வழக்கில், அவரை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமல், வழக்கறிஞர் அடுக்கிய விவரங்களை மட்டும் கேட்டுவிட்டு, அவர் மீண்டும் வன்முறையில் இறங்குவது நூற்றுக்கு நூறு உறுதி என்றார் கிரிக்சன். காய்ச்சலைப் பற்றிக்கூட மருத்துவர்கள் இவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை.

நீண்டகால வன்முறை குறித்த இத்தகைய கணிப்புகளில் மூன்றில் இரண்டு தவறாகின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே உச்ச நீதிமன்றத்திடம் எடுத்துரைத்தது. ஆனாலும், குறுக்கு விசாரணையில் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று கூறி, 1983இல் நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்றது. மறு ஆண்டு பேர்ஃபுட்டுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கணிப்பு தவறுவதற்கு மருத்துவரின் நேர்மைக்குறைவுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, எண்களே போதும். ஆயிரம் கைதிகளில் ஐம்பது பேர்தான் பின்னாளில் கடும் வன்முறையில் ஈடுபடுவார்கள் என்றும், இரு தரப்பினரையும் எண்பது சதவீதம் சரியாக இனங்காணும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பது பேரில் நாற்பது பேரை அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் மீதமுள்ள 950 பேரில் 190 பேரையும் ஆபத்தானவர்கள் என்று சொல்லிவிடுவார். அவர் சுட்டிய 230 பேரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் உண்மையில் ஆபத்தானவர். வன்முறை எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்குப் பிழையும் பெருகும்.

இதைவிடச் சிக்கலானது, கணித்தவர் தன் பிழையை அறியும் வழியே அடைபட்டிருப்பது. வானிலை அறிஞர் சொன்ன மழை பெய்யாவிட்டால் மறுநாளே தெரிந்துவிடும். மரண தண்டனைக்கு அனுப்பப்பட்டவரைப் பற்றிய கணிப்பை யார் சரிபார்ப்பது? அரிதாக அமைந்த விதிவிலக்கு ராண்டல் டேல் ஆடம்ஸ். 1977இல் ஒரு கொலை வழக்கில் அவரையும் ஆபத்தானவர் என்று கிரிக்சன் சாட்சியம் அளித்தார்; ஆனால் அந்தக் கொலையையே ஆடம்ஸ் செய்யவில்லை என்பது புலப்பட்டு, 1989இல் அவர் விடுதலையானார்.

நேரில் பரிசோதிக்காமல் கருத்துச் சொன்னதற்காகவும், நூறு சதவீதம் என்று அடித்துக் கூறியதற்காகவும் 1995இல் சங்கம் கிரிக்சனை வெளியேற்றியது. 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இதுவரை ரத்து செய்யவில்லை.