பொன்வண்டு பாடும் 32 கட்டங்கள்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ண சிமெண்ட் கலவையை ஊற்றுவார்கள். அச்சு ஒன்றுதான். அதே கல்லை வரிசையாகப் பதித்துக்கொண்டே போனால் முகப்பு முழுக்கக் கொடி ஓடும்.

பழைய வீடியோ கேம் கருவிகளின் ஒலிச் சில்லில் இசை செய்யும் சிப்ட்யூன்காரர்கள் சொல்லும் ‘வேவ்டேபிள்’ இதே வேலைதான். 1989-ல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் மூன்றாவது ஒலித்தடத்தில் ஓர் அலைக்கு 32 கட்டம். கட்டத்துக்கு 0 முதல் 15 வரை ஓர் உயரம். மொத்தமே 16 பைட்! (1980-ல் வந்த பாக்-மேன் வீடியோ கேமிலும் 32 கட்டம்தான்.) நொடிக்கு 440 முறை அதைச் சுற்றவிட்டால் 440 ஹெர்ட்ஸ். சுற்றும் வேகம் சுருதி. கட்டங்களின் வடிவம் குரல்.

முதல் 16 கட்டத்தில் 15, மீதியில் 0 என்று போட்டால் சதுர அலை. அதில் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே ஒலிக்கும். கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி போலக் குடைவான நாதம். 0, 0, 1, 1, 2, 2 என 15 வரை ஏற்றிச் சட்டென்று விழவிட்டால் ரம்ப அலை, இரட்டைப்படையும் சேர்ந்துகொள்ளும். அந்த விழும் இடம், ஒரு கல்லின் ஓரம் அடுத்த கல்லோடு சேராத இடம். தரையில் அது குறை. இங்கே அதுதான் காரம்.

ஒருநாள் கிராஃப் தாளில் வழவழப்பான சைன் அலை வரைந்து, அதை 32 கட்டமாக்கிக் கேம் பாயில் 110 ஹெர்ட்ஸில் ஓடவிட்டேன். வளவிலிருந்து அப்பத்தா குரல்: “என்னப்பு, பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள்ள அடச்சு வச்சிருக்கியா?”

சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான் வரைந்தது வளைவு. கருவி வாசித்தது படிக்கட்டு. 32 படி என்றால் 31-ஆம், 33-ஆம் மடங்குகள் எச்சமாக ஒட்டிக்கொள்ளும்: 3410, 3630 ஹெர்ட்ஸ். வலு அடிப்படை ஒலியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். ஆனால் மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது. அதே அலையை 440-ல் வாசித்தால் எச்சம் 13,000-க்கு மேலே போய்விடும், வண்டு அடங்கும்.

“சத்தத்தையாவது கொற.” நிரலில் ஒலியைக் கால்வாசி ஆக்கினேன். கரகரப்பு கூடியது. கேம் பாய் அங்கே செய்வது நாலால் வகுத்து மீதியைத் தள்ளுவது: 12, 13, 14, 15 நாலும் 3 ஆகிவிடும். பதினாறு உயரம் நாலாகச் சுருங்க, என் சைன் அலை மொட்டைக் கோபுரமானது.

பழையபடி முழு அளவுக்கே ஏற்றிவிட்டு, பக்கவாட்டுக் குமிழைத் திருகி இறக்கினேன்.