ஃப்ரீ மெதடிஸ்து: சொல் விளக்கம்

ஃப்ரீ மெதடிஸ்து என்பது 1860 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பெக்கின் என்னும் சிற்றூரில் தோன்றிய, பரிசுத்த வாழ்வை வலியுறுத்தும் பரிசுத்த இயக்கத்தைச் சேர்ந்த திருச்சபையின் பெயர். பின்சொல்லாகிய மெதடிஸ்து, ஆக்ஸ்போர்டில் ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம் ஆகியவற்றை ஒழுங்கு வகுத்துக் கடைப்பிடித்த, மெதடிஸ்து இயக்கத்துக்கு வித்திட்ட வெஸ்லி சகோதரர்களையும் அவர்கள் நண்பர்களையும் பிறர் ஏளனமாக அழைத்த பெயராகும். அது தமிழ்ச் சபை வழக்கில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டதால், இச்சபையின் பெயரைத் தமிழில் பெயர்க்கும்போது அதை மாற்ற வேண்டியதில்லை. விளக்கம் வேண்டுவது ஃப்ரீ (Free) என்னும் முன்சொல்லுக்கே.

இப்புதிய சபை பிரிந்து வந்த தாய்ச்சபையாகிய, அக்காலத்து மெதடிஸ்து எபிஸ்கோபல் சபையின் ஆலயங்கள் பலவற்றில் இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. பணம் படைத்தவர் குடும்பத்துக்கென இடம் பிடித்துக்கொள்ள, ஏழைகளுக்குச் சுவிசேஷம் அறிவிக்கவென்றே எழுந்த இயக்கத்தில் ஏழைக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. அச்சபையின் வட்டார நிர்வாக அமைப்புகளில் ஒன்றாகிய ஜெனசி மாநாட்டைச் சேர்ந்த போதகர் பெஞ்சமின் டைட்டஸ் ராபர்ட்ஸ், விசுவாசியின் இருதயம் பாவத்திலிருந்து முற்றும் சுத்திகரிக்கப்படும் என்கிற, முழுமையான பரிசுத்தமாகுதல் என்னும் ஜான் வெஸ்லியின் போதனையை மாநாட்டின் தலைவர்கள் கைவிட்டுவிட்டதாகக் குற்றஞ்சாட்டி 1857இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்காகக் கண்டிக்கப்பட்ட அவர், மறு ஆண்டே சபையிலிருந்து நீக்கப்பட்டார். 1860இல் அச்சபையின் உச்ச அமைப்பாகிய பொது மாநாடும் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்ட பிறகே புதிய சபை உருவாயிற்று. பிரிந்து போக அவர் விரும்பவில்லை என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

ஆகவே அந்த முன்சொல்லில் பல பொருள்கள் ஒன்றுசேர்ந்துள்ளன: ஆலயத்தில் எந்த இருக்கைக்கும் கட்டணமில்லை, அடிமைகளை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை, இரகசியச் சங்கங்களின் உறுதிமொழிகளுக்கு எவரும் கட்டுப்படலாகாது, ஆராதனையில் ஆவியானவரின் ஏவுதலுக்குத் தடையில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்குமுன்பே அடிமை முறையைப் பற்றி இவ்வளவு தெளிவாக நிலைப்பாடு எடுத்தது எளிய செயலன்று.

இலவசம் என்று பெயர்த்தால் இருக்கைக் கட்டணம் ஒன்றே நினைவுக்கு வரும். சுயாதீனம் என்பது வேதாகமத் தமிழில் உள்ள சொல்லே. ஆயினும் சபைப் பெயரில் சேரும்போது, வேறொரு சபையின் ஆளுகைக்கு உட்படாத சபை என்றே பொருள்படும். "கர்த்தருடைய ஆவி எங்கேயோ அங்கே விடுதலையுமுண்டு" என்னும் 2 கொரிந்தியர் 3:17இன் சொல், அடிமை ஒழிப்பையும் ஆராதனையையும் ஒருங்கே தழுவுவதால், விடுதலை மெதடிஸ்து திருச்சபை என்பதே பொருத்தமான தமிழ்ப் பெயராகும். இந்த விடுதலையின் எல்லை சபைக்குள்ளேயே விவாதிக்கப்பட்டது: பெண்களுக்கும் குருத்துவ அபிஷேகம் வேண்டும் என்று ராபர்ட்ஸ் வாதாடியதை 1890ஆம் ஆண்டு மாநாடு ஏற்கவில்லை; அந்த உரிமை அவர்களுக்கு முழுமையாகக் கிடைத்தது 1974இல்தான்.