ஜாமோன்னா என்ன? அதுக்குத் தமிழ்ல ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு

கொரியன் எழுத்தை கம்ப்யூட்டர்ல எப்படி வச்சிருக்காங்கன்னு தேடப் போனா முதல்ல கண்ணுல படுற சொல் ஜாமோ. சீனத்துல இருந்து கொரியனுக்குப் போன சொல் அது, ஜான்னா எழுத்து, மோன்னா அம்மா, அதாவது தாயெழுத்து.

கொரியாவோட சேஜோங் மன்னர் 1443ல உருவாக்கி 1446ல வெளியிட்டதுதான் ஹங்குல்ங்கிற கொரியன் எழுத்து. அதை நம்ம மாதிரி வரிசையா எழுதிட்டுப் போறதில்ல, ஒவ்வொரு அசையையும் ஒரு சதுரக் கட்டத்துக்குள்ள அடுக்குவாங்க. ஹன்-னு எழுதணும்னா ஹ்-ம் அ-வும் மேல பக்கத்துல பக்கத்துல, ன் அடியில. இந்த ஹ், அ, ன் ஒவ்வொண்ணும் ஒரு ஜாமோ. அடியில நிக்கிற அந்த மெய்க்கு பத்சிம்னு பேரு, கீழ இருந்து தாங்குறதுன்னு அர்த்தம்.

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டர் எழுத்தை நம்பராத்தான் வச்சுக்கும். அந்த நம்பரை ஜாமோவுக்குக் குடுக்கணுமா, கட்டத்துக்குக் குடுக்கணுமா? 1987ல வந்த தென்கொரிய தரநிலை கட்டத்துக்குக் குடுத்துச்சு, ஆனா 2350 கட்டத்துக்கு மட்டும். தாய்லாந்து டாம் யம் சூப்போட பேர்ல வர்ற முதல் கட்டத்துக்குக்கூட அதுல இடம் இல்ல, ஒரு மொழியில சரியா எழுதக்கூடிய ஒரு அசையை டைப் பண்ண முடியலன்னா அது சின்ன குறை இல்லங்க. உலகத்து எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கிற தரநிலையான யூனிகோட் 1996ல 2.0 பதிப்புல எல்லாத்தையும் எடுத்துச்சு, முதல் மெய் 19, உயிர் 21, கடைசி மெய் 27 (கடைசி மெய் இல்லாததையும் சேர்த்தா 28), பெருக்கிப் பாத்தா 11172 கட்டம். அதுக்காக முன்னாடி வச்சிருந்த 6656 கட்டத்தை இடம் மாத்த வேண்டியதாச்சு, பழைய ஃபைலெல்லாம் குழம்பும், அதனாலதான் ஒருதடவை குடுத்த நம்பரை இனி மாத்தவே கூடாதுங்கிற விதி வந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுல இருக்கிற கணக்கு. சுழியத்துல இருந்து எண்ணினா ஹ் 18, அ 0, கடைசி ன் 4. 18ஐ 588ஆல (அதாவது 21 × 28) பெருக்கு, உயிர் நம்பரை 28ஆல பெருக்கு, 4ஐக் கூட்டு, 10588 வரும், அதோட தொடக்க நம்பர் 44032ஐச் சேர்த்தா 54620, அதுதான் ஹன். அட்டவணையே தேவையில்ல! இதே ஹன்னை மூணு ஜாமோவாவும் எழுதலாம், 4370, 4449, 4523. முதல்ல வர்ற ன்-க்கும் கடைசியில வர்ற ன்-க்கும் தனித்தனி நம்பர், முதல்ல வந்தா 4354.

இங்கதான் நான் மாட்டினேன். கொரியால இருந்து வந்த ஒரு ஜிப் ஃபைலைப் பிரிச்சா பேரெல்லாம் ஜாமோ ஜாமோவா சிதறிக் கெடந்துச்சு, இன்னொரு கம்ப்யூட்டர்ல அதே பேர் ஒழுங்கா தெரியுது, ஆனா நான் டைப் பண்ணித் தேடினா சிக்கவே இல்ல. கட்டமா சேவ் பண்ணா 3 பைட், பிரிச்சு சேவ் பண்ணா 9 பைட், கண்ணுக்கு ஒண்ணு, மெஷினுக்கு ரெண்டு. பள்ளிக்கூடத்துல சேர்த்து எழுதுக, பிரித்து எழுதுகன்னு கேப்பாங்களே, இந்த ரெண்டு வடிவத்துக்கும் சேர்த்தெழுத்து, பிரித்தெழுத்துன்னே தாராளமா சொல்லலாம்.

சரி, ஜாமோவுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? எழுத்துக்கூறுன்னு வச்சா கோடு, வளைவு மாதிரி உடைஞ்ச துண்டுன்னு தோணும், ஜாமோ துண்டு இல்ல, முழு எழுத்து. நன்னூல் 12 உயிரையும் 18 மெய்யையும் முதலெழுத்துன்னு சொல்லி, உயிர்மெய்யை சார்பெழுத்துல வைக்குது. ஜாமோ செய்யிற வேலையும் அதேதான், அதனால முதலெழுத்துன்னு சொல்றதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். கட்டத்துக்கு வெறும் உயிர்மெய்னு சொன்னா பத்சிம் விட்டுப்போகும். அசைன்னு சொல்லலாம், அதுலயும் நேரசை, ஏன்னா நிரையில ரெண்டு உயிர் வரும், கொரியன் கட்டத்துல எப்பவும் ஒரே உயிர்தான். நம்ம 'கண்' அப்படியே ஒரு கொரியன் கட்டம் மாதிரிதான், ஆனா யூனிகோட்ல அது க, ண, புள்ளின்னு மூணு நம்பர்.