லேபிள்ல ஊத்து இருக்கு, தரையில இல்ல

பாலைவனத்துல ஈரநிலமான்னு கேப்பீங்க. அமெரிக்காவுல மேற்கு டெக்சாஸ், நியூ மெக்சிகோ பக்கம் நிலத்தடி தண்ணி தானா ஊறி மேல வர்ற எடங்கள் இருக்கு, உப்பு பூத்த மண்ணு, காலு வெச்சா சொதசொதன்னு உள்ள போகும், சியேனகான்னு அங்க சொல்லுவாங்க. அந்த உவர் சேத்துல வளர்றதுதான் பேக்கோஸ் சூரியகாந்தி, ஹீலியாந்தஸ் பாரடாக்சஸ், டெய்சி குடும்பத்து காட்டுச்செடி. ஹெர்பேரியத்துல, அதாவது செடிகள காய வெச்சு தாள்ல ஒட்டி சேத்து வெக்கிற எடத்துல, வேலை பாக்குற எனக்கு இதோட தாள் கைக்கு வந்தா செடிய விட மூலையில ஒட்டியிருக்கிற லேபிள் மேலதான் மொதல்ல கண்ணு போகும்.

ஏன்னா தாவரவியலாளர் சார்லஸ் ஹைசர் 1958ல இதுக்கு பேர் வெச்சப்ப காட்டினது ரெண்டே எடம், அதுல ஒண்ணு டெக்சாஸ்ல ஃபோர்ட் ஸ்டாக்டன். அந்த ஊர்ல கொமாஞ்சி ஸ்பிரிங்ஸ்னு பெரிய ஊத்து ஓடிட்டிருந்துச்சு, விவசாயத்துக்குன்னு சுத்துப்பட்டுல பம்ப் வெச்சு உறிஞ்சி உறிஞ்சி 1961 வாக்குல ஓட்டம் நின்னே போச்சு. இது வருஷத்துக்கு ஒரு தடவ விதையில இருந்து மொளைக்கிற செடி, மண்ணு ஈரமா இல்லேன்னா அந்த வருஷம் மொளைப்பு இல்ல. 1999ல இது அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்னு, அதாவது இப்படியே போனா அழியும் அபாயத்துக்கு வந்துரும்னு, அமெரிக்க அரசாங்க பட்டியல்ல சேத்தாங்க.

பழைய தாள்கள்ல இன்னொரு சிக்கல், சாதாரண சூரியகாந்தின்னு தப்பா பேர் எழுதி வெச்சிருப்பாங்க. ரெண்டும் காஞ்சா ஒரே மாதிரி பழுப்பு. லென்ஸ் வெச்சு பூவுக்கு அடியில இருக்கிற பச்சை செதில பாக்கணும், சாதாரணத்துல அகலமா இருந்து நுனியில சட்டுனு வாலு மாதிரி நீளும், இதுல ஒல்லியா ஈட்டி மாதிரி. இலையும் ஒடுக்கம், தண்டுல சொரசொரப்பு ரொம்ப கம்மி. ஆனா கீழ் இலையும் இல்லாம வெறும் பூவ மட்டும் கிள்ளிட்டு வந்து ஒட்டியிருந்தா நான் என்னத்த பாக்குறது?

போன வருஷம் ஒரு தாள், லேபிள்ல ஊர் பேர், மாசம், அவ்வளவுதான். அத மேப்ல ஏத்தினப்ப புள்ளி போய் மாவட்டத்து நடுவுல வறண்ட தரையில விழுந்துருச்சு, யாரோ அத நம்பி செடி தேடி போய் நாள் முழுக்க வெயில்ல அலைஞ்சிட்டு திரும்பி வந்தாங்க. இன்னொரு தாள்ல சேகரிச்சவர் "ஊத்துலேர்ந்து வர்ற வாய்க்கா ஓரம், தண்ணி நிக்குது, மண்ணு மேல வெள்ளையா உப்பு"ன்னு பென்சில்ல எழுதியிருந்தாரு, வேர்ல அந்த மண்ணு கூட கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. தண்ணி போன பிறகு அங்க தண்ணி இருந்துச்சுன்னு சொல்ல அந்த மாதிரி தாள்தாங்க சாட்சி.

அதனால செடி சேகரிக்கிறவங்களும் போட்டோ எடுத்து ஏத்துறவங்களும் தயவுசெஞ்சு பூவோட நிறுத்தாதீங்க. தண்டு, கீழ் இலை, அது நிக்கிற தரை, தண்ணி ஓடுதா நிக்குதா வத்திப்போச்சா, கூட என்ன செடி இருக்கு, ஜிபிஎஸ் எண்ணு, எல்லாம் எழுதுங்க. தேடிப் போய் செடி இல்லேன்னாலும் தேதி போட்டு "இல்ல"ன்னு எழுதி வெச்சிட்டு வாங்க.