ஒரே நிறம், வேறு ஆழம்: நீர்மட்டப் படம் போடுகிறவர்கள் கவனிக்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்ட அளவுகளைப் பைத்தான் நிரல்மொழியில், படம் வரைய உதவும் மேட்ப்ளாட்லிப் என்ற நிரல்தொகுப்பை வைத்துப் படமாக்குவது என் வேலை. மற்றவர்கள் போட்ட படங்களும் சரிபார்க்க வரும். செட்டிநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, ஊருணி, கண்மாய், கிணறுதான். எங்கே போர் போடுவது, எந்த ஊருணியை முதலில் தூர்வாருவது என்று பேசும்போது இந்தப் படங்களையும் மேசையில் விரிக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

மே மாதப் படம் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரிப் படம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலர்பார், அதாவது எந்த நிறம் எந்த அளவு என்று ஓரத்தில் காட்டும் பட்டை. இது கூடவே கூடாது. நாம் எல்லை சொல்லாவிட்டால் மேட்ப்ளாட்லிப் அந்தந்தப் படத்தின் குறைந்த மதிப்புக்கும் அதிக மதிப்புக்கும் நடுவே நிறங்களை முழுக்க விரித்துவிடும். மே மாதம் தண்ணீர் 6 முதல் 18 மீட்டர் ஆழத்தில், ஜனவரியில் 2 முதல் 7 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் 18 மீட்டருக்கு விழும் அதே நிறம் இரண்டாவதில் 7 மீட்டருக்கு விழும், மழை பெய்தும் ஒன்றும் ஏறவில்லை என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். ஓரத்தில் இருக்கும் பொடி எண்களை யார் படிக்கிறார்கள்?

இரண்டுக்கும் நிறத்தின் கீழ் எல்லையான விமின் 0, மேல் எல்லையான விமேக்ஸ் 20 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரே கலர்பார் போதும். அதை ஒரு படத்தின் ஆக்ஸிஸோடு (படம் வரையும் கட்டத்தோடு) மட்டும் சேர்த்தால் அந்தப் படம் மட்டும் ஒடுங்கிப்போகும், இரண்டு ஆக்ஸிஸையும் சேர்த்துக் கொடுங்கள். 20 மீட்டரைத் தாண்டிய கிணறு இருந்தால் கலர்பாரின் எக்ஸ்டெண்ட் என்ற அமைப்புக்கு மேக்ஸ் என்று கொடுக்கலாம், பட்டையின் நுனியில் வரும் முக்கோணம் அதைச் சொல்லிவிடும். அளவெடுக்காத இடத்தில் 0 போடவே போடாதீர்கள். தரைமட்டத்திலேயே தண்ணீர் நிற்கிறது என்றாகிவிடும்.

நிறத்துக்கு ஜெட் என்ற வானவில் நிறவரிசை வேண்டாம். நடுவில் பளிச்சென்று வரும் மஞ்சள், தரவில் இல்லாத எல்லையைக் காட்டும். 2017-இல் வந்த மேட்ப்ளாட்லிப் 2.0 பதிப்பிலிருந்து, ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் விரிடிஸ் நிறவரிசைதான் இயல்புநிலை, ஆனாலும் பழைய நிரலைக் காப்பி எடுக்கும்போது ஜெட்டும் கூடவே வந்துவிடுகிறது. விரிடிஸில் வெளிச்சம் சீராக ஏறுவதால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸிலும் வித்தியாசம் தெரியும், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் புரியும். ஆழம் கூடக்கூட நிறம் அடர வேண்டும் என்றால் தலைகீழ் வடிவமான விரிடிஸ்_ஆர்.

ஒரே கிணற்றின் மாதவாரிக் கோட்டுப் படத்தில் ஒய் அச்சை இன்வர்ட்_ஒய்ஆக்ஸிஸ் போட்டுத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் கீழே போகப்போகக் கோடு மேலே ஏறும், பார்க்கிறவர் சந்தோஷப்பட்டுவிடுவார். கலர்பாரிலும் அப்படியே, 0 மேலே இருக்கட்டும்.

கலர்பாருக்குப் பக்கத்தில் "தரையிலிருந்து ஆழம், மீட்டரில்" என்று தமிழிலேயே எழுதுங்கள். மேட்ப்ளாட்லிப்பின் பழைய பதிப்புகளில் எழுத்தின் கொம்பு இடம் மாறி விழும், ஆகவே அச்சுக்கு அனுப்புமுன் சேமித்த படத்தைத் திறந்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.